ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சை பெறும் குழந்தையைப் பார்க்கப் போவது

கேள்வி: என்னுடன் வேலை பார்க்கும் நண்பரின் மகளுக்கு 7 வயது. ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் போய்ப் பார்க்காதது மனசை உறுத்துகிறது. போகலாமா? என்ன வாங்கிப் போவது, குழந்தையிடம் என்ன பேசுவது? என் 5 வயது மகன் அவளோடு சேர்ந்து விளையாடுகிறவன். அவனையும் கூட்டிப் போகலாமா?

பதில்:

போகலாம். ஆனால் நண்பரிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்கிற நாளில், தனியாகப் போங்கள். மகனை இப்போது கூட்டிப் போக வேண்டாம். கேட்காமல் எந்தத் தின்பண்டமும் வாங்க வேண்டாம். உடனே தெரிய வேண்டியது இவ்வளவுதான். மற்றதைக் காரணத்தோடு சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான், அங்கே போய் நின்ற பிறகு புதிதாக ஏதாவது வந்தாலும் நீங்களே முடிவெடுக்க முடியும். குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். அங்கே தினமும் பார்ப்பதைத்தான் எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலானது ஏ.எல்.எல். (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா) என்ற வகை. உங்கள் நண்பரின் மகளுக்கும் அதுதான் என்று வைத்துக்கொள்வோம். இது குணப்படுத்தக்கூடிய நோய். மருத்துவ வசதி நன்றாக உள்ள நாடுகளில் 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேர் பிழைத்து வளர்கிறார்கள். நம் நாட்டில் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. அதற்குப் பெரிய காரணங்களில் இரண்டு: சிகிச்சையின் நடுவே வரும் கிருமித் தொற்று, பணமும் தெம்பும் தீர்ந்து சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது. பார்க்க வருகிற உறவும் நட்பும் இந்த இரண்டையும் நேரடியாகத் தொடுகிறது. தொற்றைக் கொண்டுவருவதும் நாம்தான். பெற்றோர் பாதியில் விட்டுவிடாமல் தாங்கிப் பிடிப்பதும் நாம்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தொற்று. இந்த வார்டில் பெற்றோர் அடிக்கடி சொல்கிற வார்த்தை ‘கவுண்ட்’. ‘கவுண்ட் இறங்கியிருக்கு’ என்று ஒருவர் சொன்னால், கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன என்று பொருள். அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வகைதான் முக்கியம். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்க வேண்டியது, கீமோ போகும் காலத்தில் 500-க்கும் கீழே போய்விடும். முதல் கட்ட சிகிச்சை நான்கைந்து வாரம் நடக்கும். இரண்டு வாரம் ஆகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் இப்போது கவுண்ட் அடிமட்டத்தில் இருக்கும். உங்களுக்கு மூக்கை உறிஞ்ச வைக்கிற சாதாரண சளி, இந்த நேரத்தில் அவளை ஐ.சி.யு. வரை கொண்டுபோகலாம். இந்தக் குழந்தைகளுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே நாங்கள் ஓடுவோம். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றியாக வேண்டும்.

ஆகவே உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மெட்ராஸ் ஐ எது இருந்தாலும் போகாதீர்கள். ‘மாஸ்க் போட்டுக்கிட்டு வர்றேனே’ என்பார்கள். மாஸ்க் நன்றாக இருக்கிறவர் போட வேண்டியது. உடம்பு சரியில்லாதவர் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

அம்மையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்னம்மை இந்தக் குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து. நுரையீரல், கல்லீரல் என்று பரவும். நம் ஊரில் அம்மை வந்தால் வெளியே சொல்லத் தயங்குவார்கள். வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். தண்ணீர் ஊற்றியது கணக்கே இல்லை. கடைசிக் கொப்புளம்வரை காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். இன்னொன்று, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அது பரவும். அம்மை வந்தவரோடு இருந்தவருக்கு அது வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகலாம். உங்கள் தெருவில், மகனின் பள்ளியில் யாருக்காவது அம்மை என்று கேள்விப்பட்டிருந்தால், உங்களுக்கு ஏற்கனவே வந்து போயிருந்தால் ஒழிய, மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். அக்கி வந்தவரும் வரக்கூடாது. அதுவும் அம்மை வைரஸின் வேலையாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

மகனை வேண்டாம் என்றது இதற்காகத்தான். ஐந்து வயதுக் குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கும். அவனுக்குத் தெரியாமலே எதையாவது சுமந்துகொண்டிருப்பான். நிறைய மருத்துவமனைகள் 12 வயதுக்கு உட்பட்டவர்களை வார்டுக்குள் விடுவதும் இல்லை. ஆனால் அவளைப் பற்றி அவனிடம் பேசாமல் இருக்காதீர்கள். உடம்பு சரியில்லை, ரத்தத்தில் ஒரு நோய், அதற்கு மருந்து போகிறது, தொட்டால் ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை, அவன் செய்த எதனாலும் வரவில்லை என்று அப்படியே சொல்லலாம். வீடியோ கால் போட்டுக் கொடுங்கள். இரண்டு பேரும் எதையாவது காட்டிப் பேசிக்கொள்ளட்டும். அவன் வரைந்த படத்தை நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். சுவரில் ஒட்டிவைத்து, ரவுண்ட்ஸ் வருகிற டாக்டரிடம் எல்லாம் காட்டுவாள்.

வார்டுக்குள் போனதும் கை கழுவுங்கள். சோப்பு என்றால் முக்கால் நிமிடமாவது. மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டுக் கழுவுவது நல்லது. நாற்காலியில் உட்காருங்கள், கட்டிலில் வேண்டாம். முத்தம் கொடுக்கவோ கன்னத்தைக் கிள்ளவோ வேண்டாம். பக்கத்துக் கட்டில் குழந்தைகளையும் தொட்டுக் கொஞ்சத் தோன்றும். அதையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிப் போவது பற்றி. ஆஸ்பத்திரிக்கு என்றால் நம் கை ஆப்பிள், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ரொட்டி என்று தானாகப் போகும். ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் இப்படி வந்த பை இருக்கும். கவுண்ட் குறைந்த குழந்தைக்கு வெளியில் நறுக்கிய பழம், திராட்சை, சாலட், தயிர்ப் பச்சடி, கடை ஜூஸ் எதுவும் ஆகாது. அப்போது சமைத்துச் சூடாக இருப்பதைத்தான் கொடுக்கச் சொல்வோம். தோல் தடித்த பழத்தைச் சில இடங்களில் அனுமதிப்பார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. இதற்கு நடுவே ஸ்டீராய்டு மருந்து வேறு ஓடிக்கொண்டிருக்கும். அது பசியைக் கிளப்பிவிடும். விடியற்காலை மூன்று மணிக்குப் புளிச்சோறு கேட்டு அழுகிற குழந்தைகள் உண்டு. உப்பும் காரமுமாக எதைப் பார்த்தாலும் கை நீட்டும். அந்த நேரத்தில் நீங்கள் சிப்ஸ் பாக்கெட்டோடு நுழைந்தால், வேண்டாம் என்று சொல்லி அழவைக்கிற வேலை அம்மாவின் தலையில் விழும். ஆஸ்பராஜினேஸ் என்ற ஊசி போடும் நாட்களில் கணையம் பாதிக்கப்படலாம் என்பதால் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொல்கிற இடங்களும் இருக்கின்றன. அதனால்தான் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்கிறேன்.

பூங்கொத்து வேண்டாம். பூவிலும் அது நிற்கிற தண்ணீரிலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். பொசுபொசுவென்ற கரடி பொம்மை தூசியைப் பிடித்துவைக்கும். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பிளாஸ்டிக் சாமான், புது கலர் பென்சில், படம் வரையும் நோட்டு, ஸ்டிக்கர், ஊனோ சீட்டுக்கட்டு, கதைப் புத்தகம் இவை நல்லவை. ஏழு வயதுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தால், ஒரே நாளில் முடிந்துபோகாத ஒன்றாகப் பாருங்கள். ஒரு கையில் ட்ரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய் (வென்ஃப்ளான்) போட்டிருக்கும், மற்ற கையால்தான் விளையாட வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கோயில் பிரசாதம் கொண்டு வருகிறவர்கள் நிறைய. நானும் சாமி கும்பிடுகிறவள்தான், அந்த அன்பு எனக்குப் புரிகிறது. விபூதியை நெற்றியில் லேசாக வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாயில் போட வேண்டாம். தீர்த்தம் குடிக்கக் கொடுக்கக் கூடாது. மந்திரித்த கயிற்றை ட்ரிப்ஸ் போகிற கையில் கட்டக் கூடாது. ஈரமான கயிறு அழுக்கைப் பிடித்துவைக்கும், ஊசி போட்ட இடத்துக்கும் இடைஞ்சல். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் வைத்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்.

நாட்டு மருந்து விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். பப்பாளி இலைச் சாறு, கருஞ்சீரகம், ‘எங்க ஊர்ல ஒருத்தர் கொடுக்கிறார்’ என்று வரும் பொடி, எதையும் கொடுக்காதீர்கள், பரிந்துரைக்கவும் செய்யாதீர்கள். ஒரு சிலர் நித்தியகல்யாணிக் கஷாயம் கொண்டுவருவார்கள். அவர்கள் கேட்பதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஏனென்றால் இந்த நோய்க்குப் போடும் வின்கிரிஸ்டின் என்ற முக்கியமான ஊசி மருந்து, நம் வீட்டு வாசலில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கிற அதே நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுத்ததுதான். 1960-களில் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மருந்தை நாங்கள் குழந்தையின் உடல் அளவைக் கணக்கிட்டு, வாரம் ஒருமுறை, மில்லிகிராம் சுத்தமாக ரத்தக்குழாயில் ஏற்றுகிறோம். கொஞ்சம் கூடினாலும் கை கால் நரம்பைப் பாதிக்கும். இலையைக் கொதிக்கவைத்தால் அதில் எது எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கனவே கல்லீரல் திணறிக்கொண்டிருக்கிற குழந்தைக்கு அதைக் கொடுப்பது விஷம் கொடுப்பதுதான்.

சரி, என்ன பேசுவது?

அவளுடைய உடம்பைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். வருகிற ஒவ்வொருவரும் ‘இளைச்சுட்டியே’ என்கிறார்கள். ஸ்டீராய்டு ஆரம்பித்துக் கன்னம் உப்பியதும் ‘குண்டாயிட்டியே’ என்கிறார்கள். ‘ஊசி வலிச்சுதா?’ என்று கேட்டால், மறந்து விளையாடிக்கொண்டிருந்தவளுக்கு அது திரும்ப ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தில் நடந்தது, உங்கள் வீட்டுப் பூனை, அவள் பார்க்கிற கார்ட்டூனில் யார் வில்லன், இவையே போதும். பேசவே பிடிக்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டு குழந்தைகளை எரிச்சல்காரர்களாக்கும். காரணமில்லாமல் அழுவார்கள், கத்துவார்கள். ‘பெரியவங்க வந்திருக்காங்க, வணக்கம் சொல்லு’ என்று வற்புறுத்துகிற அம்மாவிடம், ‘பரவாயில்லம்மா, விடுங்க’ என்று நீங்கள் சொன்னால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

முடி கொட்ட இரண்டு, மூன்று வாரம் ஆகும். நீங்கள் போகும்போது தலையணை முழுக்க முடியாக இருக்கலாம், மொட்டையே அடித்திருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு மொட்டை புதிதில்லை என்பது ஒரு விதத்தில் வசதிதான். ‘பழனிக்கா, திருப்பதிக்கா?’ என்று சாதாரணமாகக் கேட்கிறவர்களைப் பார்த்து நாலு வயதுக் குழந்தைகள் சிரித்துவிடும். ஆனால் ஏழு வயதுப் பெண் குழந்தை பின்னல், ரிப்பன் என்று பழகியவள். அவளாகச் சொல்லும்வரை தலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது மேல். அவளே கேட்டால், ‘மருந்து முடிஞ்சதும் திரும்ப வளரும்’ என்று சொல்லுங்கள். அது உண்மை.

உண்மை இல்லாத ஆறுதல் வேண்டாம். ‘நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம்’ என்று சொல்லிவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். மறுநாள் காலை அவள் பையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ‘எப்பப் போகலாம்னு டாக்டர் சொல்வாங்க, நான் மறுபடியும் வந்து உன்னைப் பார்ப்பேன்’ என்று சொல்லலாம், ஆனால் அப்படிச் சொன்னால் கட்டாயம் போக வேண்டும். ‘சாப்பிடலன்னா சிஸ்டர் வந்து ஊசி போட்டுடுவாங்க’ என்று எங்களைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். எங்களைப் பார்த்தாலே அலறுகிற குழந்தையிடம் ரத்தம் எடுப்பது அவளுக்குத்தான் கொடுமை.

இந்த வயதுக் குழந்தைகள் பலர், தாங்கள் செய்த ஏதோ ஒரு சேட்டைக்குத் தண்டனையாகத்தான் இந்த நோய் வந்தது என்று உள்ளுக்குள் நினைக்கிறார்கள். ஐஸ்கிரீம் தின்றதால், தம்பியை அடித்ததால், பொய் சொன்னதால் என்று எங்களிடம் மெதுவாகக் கேட்டவர்கள் உண்டு. அவளுக்கு முன்னால் ‘சொன்ன பேச்சு கேட்டிருந்தா’ என்று யாராவது விளையாட்டுக்குச் சொன்னால்கூட அது பசுமரத்தாணிபோல் பதிந்துவிடும். ‘இது யாரும் செஞ்ச தப்பால வரல’ என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். அம்மாவுக்கும் அதைக் கேட்பது தேவைப்படும். ‘கர்ப்பமா இருக்கும்போது என்ன சாப்பிட்ட?’, ‘யார் கண்ணு பட்டுச்சோ’ என்று கேட்டுவிட்டுப் போகிற சொந்தங்களால் அந்த அம்மாக்கள் ராத்திரி எல்லாம் அழுவதை நாங்கள்தான் பார்க்கிறோம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கிசுகிசுப்பதும் வேண்டாம். கண்ணை மூடிப் படுத்திருக்கிற குழந்தைக்குக் காது திறந்தே இருக்கும்.

இப்போது பெற்றோர். 1950-களில்கூட இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் குழந்தைகளோடு அம்மாவை இருக்கவிடவில்லை. வாரத்தில் சில மணி நேரம்தான் பார்க்கலாம். எட்டு நாள் தனியாக இருந்த ஒரு இரண்டு வயதுக் குழந்தை எப்படி ஒடுங்கிப்போனது என்பதை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் 1952-இல் படம் பிடித்துக் காட்டினார். 1959-இல் அங்கே அரசுத் தரப்பில் அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை வந்து, பெற்றோர் எப்போதும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. நம் வார்டுகளில் அந்தச் சண்டை தேவைப்படவில்லை. அம்மா கூடவேதான் இருக்கிறார். ஆனால் ஒரு பாஸ், ஒரே ஆள். அவர் குளிக்கப் போனால்கூடக் குழந்தை தனியாகிவிடும். இரண்டு வாரமாக அந்தப் பெண் முழுசாகத் தூங்கியிருக்க மாட்டார்.

அதனால் போகும்போது இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். குழந்தைக்கு உங்களைப் பழக்கம் இருந்தால், வார்டு சிஸ்டரிடம் சொல்லி பாஸை மாற்றிக்கொண்டு, ‘நீங்க குளிச்சுட்டு, சாப்பிட்டுட்டு, ஒரு மணி நேரம் படுத்துட்டு வாங்க. நான் பார்த்துக்கறேன்’ என்று அவரை அனுப்புங்கள். சொல்லாமல் நழுவச் சொல்லாதீர்கள். குழந்தையிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ட்ரிப்ஸ் பம்ப் சத்தம் போட்டால் எங்களைக் கூப்பிடுங்கள், நீங்களாக எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம். பழக்கம் இல்லை என்றால் பத்து நிமிடம் குழந்தையோடு, மீதி நேரம் வெளியே நண்பரோடு. அவருக்கு மருந்துக்கடை வரிசை, ரத்த வங்கி, பில் கவுன்ட்டர் என்று நாள் முழுக்க அலைச்சல். அதில் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவது யார் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ரத்தம் கொடுக்க அப்பா, சித்தப்பா, மாமா என்று வரிசையாக நிற்பார்கள். நெருங்கிய ரத்த உறவின் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களைக் குழந்தையின் உடல் அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே தங்கி உடலையே தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. அதனால் அந்த ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும். உங்களைப்போல வெளி ஆட்களின் ரத்தம்தான் எளிது. 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். தட்டணுவை (பிளேட்லெட்) மட்டும் இயந்திரத்தில் பிரித்துக் கொடுக்க எடை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். அதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். தட்டணு சாதாரணமாக ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே அலுவலகத்தில் பத்துப் பேர் ஒரே நாளில் கிளம்பி வராதீர்கள். பெயர், ரத்தப் பிரிவு, எண்ணை எழுதி ஒரு பட்டியலாக நண்பரிடம் கொடுங்கள். கூப்பிடும்போது ஒவ்வொருவராகப் போகலாம். ராத்திரி பத்து மணிக்கு ‘பிளேட்லெட் வேணும்’ என்று டாக்டர் சொல்லும்போது அந்தப் பட்டியல் கையில் இருப்பது பெரிய தைரியம்.

பணம் கொடுப்பதென்றால் கவரில் போட்டு, குழந்தைக்கு முன்னால் இல்லாமல், நண்பரின் கையில். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அலுவலகக் காப்பீடும் இருக்கலாம். ஆனால் ஆட்டோ, பக்கத்தில் எடுத்த அறை வாடகை, ஹோட்டல் சாப்பாடு எதையும் காப்பீடு தராது. உடன் வேலை பார்க்கிறவர் என்பதால் உங்களால் மட்டும் முடிகிற ஒன்று இருக்கிறது. அவருடைய வேலை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது, வீட்டிலிருந்து வேலை செய்ய மேலாளரிடம் பேசுவது, காப்பீட்டுப் படிவங்களை ஹெச்.ஆரிடம் நீங்களே நிரப்பிக் கொடுப்பது. வேலை போனால் அலுவலகக் காப்பீடும் போகும். சிகிச்சை பாதியில் நிற்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இந்தச் சிகிச்சை மொத்தம் இரண்டு, மூன்று வருடம் போகும். முதல் பதினைந்து நாள் பார்க்க வருகிறவர்களை வாட்ச்மேன் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். நாலாவது மாதம் போன்கூட வராது. இப்போது போக முடியவில்லையே என்று உறுத்த வேண்டாம். கவுண்ட் ஏறி வீட்டுக்கு வந்த பிறகு, மறுபடி அட்மிட் ஆகும்போது, தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போன வாரத்தில் போங்கள். கவுண்ட் நன்றாக இருக்கிற ஒரு நாளில் டாக்டரைக் கேட்டுவிட்டு உங்கள் மகனையும் அவள் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். அவள் மறுபடி பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், வகுப்பில் யாருக்காவது அம்மை வந்தால் அன்றைக்கே சொல்லும்படி ஆசிரியரிடம் பேசிவைக்க நண்பருக்கு ஞாபகப்படுத்துங்கள். அம்மை வந்தவரோடு அவள் இருந்தது உடனே தெரிந்தால் தடுக்க மருந்து இருக்கிறது. நாள் போகப் போக அதன் பலன் குறைந்துவிடும்.